எத்தனாம் எண் கூண்டு?

வாசகர் கேள்வி – பதில்

கடலூர் ஓ.டி. (பழைய நகர்) துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் புயல் கூண்டு ஏற்றி இறக்கிய ஆள் நான். 2012-இல் ஓய்வு பெற்றேன். மகள் கல்யாணமாகி ஃபுளோரிடாவுக்குப் போனதிலிருந்து வங்கக் கடலோடு அட்லாண்டிக்கையும் சேர்த்துப் பார்க்கிற வேலை வந்துவிட்டது. 'ஜூன் 1 பிறந்தது, அமெரிக்கப் பக்கம் புயல் பருவம் ஆரம்பம், நவம்பர் 30 வரை வயிற்றில் நெருப்புதான்' என்று இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பலர் பிள்ளைகள் குடியிருக்கும் தெருப் பெயர் வரை எழுதியிருக்கிறார்கள். அதனால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

நெல்லிக்குப்பம் வாசகி: என் மகன் ஃபுளோரிடாவில் டாம்பா என்ற ஊரில் வேலை பார்க்கிறான். புயல் வந்தால் அங்கே டி.வி.யில் வெள்ளையாக ஒரு கூம்பு போட்டுக் காட்டுகிறார்களாம். அவன் ஊர் கூம்புக்கு வெளியே இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கலாமா?

கூம்பை நம்பித் தூங்காதீர்கள் அம்மா. கூம்பு புயலின் உடம்பு இல்லை. புயலின் நடுப்புள்ளி அடுத்த ஐந்து நாளில் எங்கெங்கே இருக்கக்கூடும் என்பதற்குப் போட்ட வேலி, அவ்வளவுதான். மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் (அந்தப் பக்கத்துப் புயலுக்குப் பேர்) மையம், கடந்த ஐந்து வருஷத்தில் தன் கணிப்பு எத்தனை தூரம் பிசகியது என்று கணக்குப் பார்த்து அந்த வேலியின் அகலத்தை வைக்கிறது. மூன்று தடவையில் இரண்டு தடவை நடுப்புள்ளி வேலிக்குள் நிற்கும். மூன்றாவது தடவை தாண்டிவிடும். போகப் போகக் கூம்பு அகலமாவதைப் பார்த்துப் புயல் பெருக்கிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு. பெருப்பது அவர்களுடைய சந்தேகம். நாளைக்கு எங்கே இருக்கும் என்பது ஓரளவு தெரியும், ஐந்தாம் நாள் எங்கே என்பது அவ்வளவாகத் தெரியாது.

திருப்பாதிரிப்புலியூர் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்ச் சக்கரம் எந்தத் தடத்தில் உருளும் என்பதைத்தான் கூம்பு சொல்கிறது. தேருக்குப் பின்னால் கூட்டம் எந்தச் சந்து வரை நெருக்கும் என்பது அதில் இல்லை. காற்றும் மழையும் கடலேற்றமும் கூம்புக்கு வெளியே நூறு, இருநூறு கிலோமீட்டர் கூடப் போகும்.

மகனிடம் 'கூம்புக்குள்ள இருக்கியா' என்று கேட்காமல், 'உன் வீடு எந்த மண்டலம்' என்று கேளுங்கள். ஃபுளோரிடாவில் கடலோர வீடுகளை ஏ, பி, சி என்று வெளியேற்ற மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் கடல் தண்ணீர் முதலில் ஏறுகிற இடம். அந்த எழுத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளை என்றால் அன்றைக்கே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வாயால் சொல்வது சுலபம். இதே கூம்பில் நான் ஏமாந்த கதை கீழே வருகிறது.

லாஸ்பேட்டை வாசகர்: புதுத் தகவல் எத்தனை மணிக்கு வரும்? நான் ராத்திரி முழுக்க போனைத் தடவிக்கொண்டே இருக்கிறேன்.

தடவாதீர்கள். நம் கடிகாரப்படி காலை 8.30, மதியம் 2.30, இரவு 8.30, நள்ளிரவு 2.30. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் முழு அறிக்கை வரும். எங்காவது கரையோர எச்சரிக்கை நடப்பில் இருந்தால் இடையில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் சின்ன அறிக்கையும் வரும். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினாலும் நமக்கு இந்த நேரம் மாறாது. நான் நள்ளிரவு அறிக்கையைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பல் தேய்த்ததும் ஒன்று, போதும்.

இன்னொன்று, ஜூனிலேயே பதறத் தொடங்காதீர்கள். உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைதான் நிஜமான சீசன். ஆப்பிரிக்காவில் செனகல் கரையிலிருந்து இறங்கும் மழைமேகக் கூட்டங்களில் சில கேப் வெர்டே தீவுகளைத் தாண்டிச் சுழலத் தொடங்கும். அங்கிருந்து கரீபியன் போய்ச் சேர ஒரு வாரத்துக்குக் கிட்ட ஆகும். வங்கக் கடலில் உருவாகிற புயல் நமக்கு அத்தனை நாள் தவணை கொடுப்பதில்லை. ஆனால் மெக்சிகோ வளைகுடாவில் பிறக்கிறதும் கொடுக்காது. காற்றின் வேகத்தை வைத்து அவர்கள் ஹரிக்கேனை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். 2024 அக்டோபரில் மில்டன் என்ற ஹரிக்கேன் ஒரே நாளுக்குள் முதல் வகையிலிருந்து ஐந்தாம் வகைக்குத் தாவியது.

ஏழு நாள் படம் ஒன்று போடுகிறார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று திட்டுத் திட்டாக இருக்கும். அது நம்மூர் மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை மாதிரி இல்லை. அந்த இடத்தில் புயல் சின்னம் உருவாக எத்தனை சதவீத வாய்ப்பு என்பதற்கான நிறம். மஞ்சள் 40-க்குக் கீழே, சிவப்பு 60-க்கு மேலே. நிறத்தைப் பார்த்ததும் டாலஸில் இருக்கிற மருமகனை எழுப்பிவிடாதீர்கள்.

பண்ருட்டி வாசகர்: நம்ம தானே புயல் அமெரிக்கக் கணக்கில் முதல் வகைதான் வருமாமே? எங்கள் தோப்பில் ஒரு பலா மிச்சமில்லை. அதுக்குப் பேர் ஒன்றா?

கோபம் நியாயம்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். அமெரிக்க அட்டவணையில் 119 முதல் 153 வரை முதல் வகை, 154-இல் இரண்டு, 178-இல் மூன்று, 209-இல் நான்கு, 252-ஐத் தொட்டால் ஐந்து. ஆக, எண் ஒன்றுதான் வருகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 62-இல் 'புயல்' என்று தொடங்கி, 89-இல் தீவிரம், 118-இல் அதி தீவிரம் என்று ஏறிப்போய் 221-க்கு மேல் சூப்பர் புயல் என்கிறது. நாம் மூன்று நிமிஷச் சராசரிக் காற்றை எடுக்கிறோம், அவர்கள் ஒரு நிமிஷம். அதனால் ஒரே புயலுக்கு அவர்கள் எண் கொஞ்சம் தூக்கலாக வரும். அறிக்கையில் 'நாட்' என்று வந்தால் 1.85-ஆல், மைல் என்று வந்தால் 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த எண் காற்றுக்கு மட்டும் வைத்தது. மழைக்கும் கடலேற்றத்துக்கும் அதில் இடமே இல்லை. மரம் எத்தனை வயசு, மண் எத்தனை ஊறியிருக்கிறது, வேர் எத்தனை ஆழம் என்பதையும் அது கேட்பதில்லை. அன்று காலை ஓ.டி.யிலிருந்து பண்ருட்டிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போக முயன்றேன். முந்திரிக் காடு முழுவதும் ஒரே பக்கமாகத் தலை சாய்த்துக் கிடந்தது, யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி. 2025 அக்டோபர் 28-இல் ஜமைக்காவில் இறங்கிய மெலிசாவுக்குக் காற்று மணிக்கு சுமார் 295 கிலோமீட்டர். அதை ஐந்து என்கிறார்கள். அதற்கு மேலே எண் இல்லை. கீழே இருக்கிற ஒன்றுக்குத் தோப்பே போய்விடும் என்பது பண்ருட்டிக்காரர்களுக்குத் தெரிந்த அளவு மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

பெயர் விஷயமும் பலர் கேட்டிருக்கிறார்கள். ஹரிக்கேன், சைக்ளோன் இரண்டும் ஒரே ஜாதிதான், இரண்டும் நம் பக்கத்து அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகத்தான், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான், சுற்றும். ஹரிக்கேன் கரீபியன் பூர்வகுடிகள் வாயிலிருந்து வந்த சொல். சைக்ளோன் கல்கத்தாவில் செய்யப்பட்ட சொல். ஹென்றி பிடிங்டன் என்ற கப்பல்காரர், பாம்பு சுருண்ட மாதிரி என்ற பொருள் வரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840-களில் உண்டாக்கியது. நம் கடலின் புயலைப் பார்த்து வைத்த பெயரைத்தான் இன்று உலகம் பாதி சொல்கிறது.

தேவனாம்பட்டினம் இளைஞர்: எங்க சித்தப்பா டாம்பா பக்கம் மீன் கம்பெனியில் இருக்கிறார். 2024-இல் ஹெலீன் நூறு மைல் தள்ளிப் போச்சாம், கடல் ஊருக்குள்ள ஏறிடுச்சாம். ரெண்டு வாரம் கழித்து மில்டன் பக்கத்துலயே இறங்குச்சாம், கடல் வத்திப்போச்சாம். அவர் சும்மா அடிச்சு விடுறாரா?

தம்பி, உங்கள் சித்தப்பா சொன்னது அத்தனையும் உண்மை. இதைக் கேட்க வேண்டிய ஆள் நீங்கள்தான், பதில் உங்கள் தாத்தாவுக்குத் தெரியும்.

புயல் போகிற திசையைப் பார்த்து முகம் வைத்து நில்லுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம்தான் கெட்ட பக்கம். இடஞ்சுழியாகச் சுற்றுவதால் அந்தப் பக்கத்தில் சுழலும் காற்றும் புயல் நகர்கிற வேகமும் ஒரே திசையில் கூடிக்கொள்ளும். கரையை நோக்கித் தண்ணீரைத் தள்ளுவதும் அந்தக் காற்றுதான். இடக்கைப் பக்கம் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், தண்ணீரை வெளியே துரத்தும்.

நம் கரைக்குப் புயல் கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது, ஆக வலக்கை என்றால் வடக்கு. புயல் நாகப்பட்டினம் பக்கம் கடந்தால் கடலூர் அதன் வலக்கையில் இருக்கிறது, கிழக்கே இருந்து கொண்டல் அடிக்கும், கடல் ஏறும். சென்னைப் பக்கம் கடந்தால் நாம் இடக்கையில் இருக்கிறோம், மேற்கே இருந்து கச்சான் அடிக்கும், கடல் உள்வாங்கும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையில் கடந்தபோது நாம் இருந்தது இடக்கையில்.

இதைத்தான் எங்கள் கூண்டும் சொல்லும். மொத்தம் பதினொன்று. 1, 2 தூரத்தில் இருக்கிற புயலுக்கு. 3, 4 துறைமுகத்துக்கு மோசமான வானிலை வரக்கூடும் என்பதற்கு. அப்புறம்தான் விஷயம். 5 என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் போகும், 6 என்றால் வலப்பக்கம் விட்டுப் போகும், 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே வரும். அதே வரிசையில் இன்னும் கடுமையான புயலுக்கு 8, 9, 10. தகவல் தொடர்பு அறுந்துபோனால் 11. பத்திரிகைகளில் '8 என்றால் புயல் துறைமுகத்துக்கு இடப்புறமாகக் கடக்கும்' என்று மாற்றி எழுதிவிடுகிறார்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் ரத்தம் கொதிக்கும். இடமும் வலமும் புயலுடையது, துறைமுகத்துடையது இல்லை.

இத்தனையும் தெரிந்த நான் ஹெலீனில் என்ன செய்தேன் தெரியுமா? 2024 செப்டம்பர் 26. படத்தில் கோடு ஃபுளோரிடாவின் மேற்குக் கரையை ஒட்டாமல் கடலிலேயே வடக்கே ஏறிப் போகிறது, டாம்பாவிலிருந்து நூறு மைலுக்கும் மேல் மேற்கே. மகள் வீடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விரிகுடாவை ஒட்டிய தெரு, தரைத்தளம். அவள் போனில் கேட்டபோது, 'கோடு தள்ளிப் போகுதும்மா, மழை பெய்யும், அவ்வளவுதான்' என்றேன். இருபத்தெட்டு வருஷம் 9-ஆம் எண் என்றால் என்ன என்று மனப்பாடம் செய்தவன் பேசுகிற பேச்சா அது? வடக்கே போகிற புயலுக்கு வலக்கை கிழக்கு. டாம்பா விரிகுடா முழுக்க அதன் வலக்கையில் கிடந்தது. இங்கே காலை ஒன்பது மணி, இரண்டாவது காபி கையில். போன் வந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், பக்கத்து மாடி வீட்டுக்காரர்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்கி மேலே ஏற்றிக்கொண்டார்கள், கார் போச்சு. அந்த விரிகுடாவில் கடல் வழக்கமான உயர் ஓதத்துக்கு மேல் 6 அடிக்கும் கூடுதலாக ஏறியது. புயல் கரையைத் தொட்டது ரொம்ப வடக்கே, பெர்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில், நான்காம் வகையாக.

மில்டன் கதையைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு வேறு ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார்.

முத்தியால்பேட்டை வாசகி: நாங்கள் சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். என் நாத்தனார் மகள் குவாதலூப்பில் டீச்சர். 'வயலெட்' அறிவித்தார்கள் என்று மெசேஜ் போட்டுவிட்டுப் பேச்சே இல்லை. வயலெட் என்றால் என்ன?

வீட்டுக்குள் அடைந்துகொள், வெளியே காலெடுத்து வைக்காதே என்று அர்த்தம். குவாதலூப் மாதிரிக் கரீபியன் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவுகளில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அதற்கும் மேலே வயலெட். சிவப்பிலேயே சாமான் வாங்கி, ஜன்னலுக்குப் பலகை அடித்து முடித்திருக்க வேண்டும். வயலெட்டில் தெருவில் ஆளே இருக்கக்கூடாது. பேச்சு இல்லை என்றால் கரண்ட் போயிருக்கும், டவர் போயிருக்கும். தானேயின்போது கடலூரில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம், நம் பிள்ளைகள் அங்கே எப்படித் தவித்திருப்பார்கள் என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள்.

குவாதலூப்பை நான் அந்நிய ஊராக நினைப்பதே இல்லை. 1854 முதல் முப்பத்தைந்து வருஷத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் ஏற்றிய துறைமுகங்கள். இன்றும் அங்கே காப்பெஸ்தேர் ஊர்ப் பக்கம் மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது, மாலியேமேன் என்று கூப்பிடுகிறார்கள். வாடையும் கொண்டலும் பார்த்து வளர்ந்தவர்கள், ஹரிக்கேன் நடுரோட்டில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். 1928 செப்டம்பர் 12-இல் வந்த புயல் அந்தத் தீவை நாசமாக்கியது. 1989 செப்டம்பரில் ஹ்யூகோ. 2017-இல் இர்மா செயின்ட் மார்ட்டினையும், இரண்டு வாரத்தில் மரியா டொமினிக்காவையும் அடித்துப் போனபோது குவாதலூப் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற வீடுகளில் அந்த செப்டம்பரை மறந்திருக்க மாட்டார்கள்.

பாகூர் வாசகர்: ஃபெஞ்சல் வெறும் 'புயல்'தானே, தீவிரம் கூட இல்லை. அப்புறம் ஏன் எங்கள் வயலில் ஆள் உயரத் தண்ணீர்?

நின்றுவிட்டது, அதனால்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைத் தொட்டுவிட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. அப்புறம் மேற்கே திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள், சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வந்த தண்ணீர் கடலூரையும் உங்கள் பாகூரையும் பிடித்தது. காற்று ஓய்ந்து இரண்டு நாள் கழித்துத்தான் வெள்ளம் வந்தது.

அட்லாண்டிக்கில் இதற்கு அண்ணன் ஹார்வி. 2017 ஆகஸ்ட் 25-இல் டெக்சாஸில் நான்காம் வகையாக இறங்கியது. எல்லோரும் காற்றைப் பற்றிப் பேசினார்கள். காற்று அடங்கி எண்ணே இல்லாத புயலான பிறகுதான் ஹூஸ்டன் மூழ்கியது. நாலைந்து நாள் அதே இடத்தில் சுற்றி, நெடர்லாந்து என்ற ஊரருகே 60 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அதாவது 150 செ.மீ. தாண்டி. ஹெலீனிலும் வட கரோலினாவின் மலைப்பக்கத்தில், கடலையே பார்க்காத ஆஷ்வில் மாதிரி ஊர்களில்தான் பெரிய சாவு. 'என் பையன் மலைமேலே இருக்கான், கடலோரம் இல்லை' என்று எனக்கு எழுதிய மூன்று பேருக்கும் இதுவே பதில்.

அறிக்கையில் காற்றுக்கு அடுத்த வரியில் புயல் எத்தனை வேகத்தில் நகர்கிறது என்று போட்டிருப்பார்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மணிக்கு 5 மைல் என்று இருந்தால் காற்றைப் பார்க்கும் முன்பே ஆற்றைப் பார்க்க வேண்டும்.

நெய்வேலி மாணவி: புயலுக்கு யார் பெயர் வைப்பது? அமெரிக்காவில் எல்லாம் ஆள் பெயராக இருக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் புரியாத பெயர்?

அட்லாண்டிக்கில் ஆறு பட்டியல், ஒவ்வொன்றிலும் 21 ஆள் பெயர். ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை பழைய பட்டியல் திரும்பி வரும். ரொம்ப ஆட்களைக் கொன்ற புயலின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். கத்ரீனா போய்விட்டது, பெரில், ஹெலீன், மில்டன் எல்லாம் போய்விட்டன. 1953-இலிருந்து பெண் பெயர்கள் மட்டும், 1979-இல்தான் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. 2020-இல் முப்பது புயல் வந்து பட்டியலே தீர்ந்து, கிரேக்க எழுத்துக்களை வைத்து ஒப்பேற்றினார்கள். குழப்பமாக இருந்ததால் அதை விட்டுவிட்டார்கள்.

நம் கடலில் 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து 169 பெயர். ஒரு தடவை வைத்தால் திரும்ப வராது. தானே மியான்மர் கொடுத்தது, வர்தா பாகிஸ்தான், நிவர் ஈரான், ஃபெஞ்சல் சவூதி. அதனால்தான் வாயில் நுழையவில்லை. ஆனால் இந்தியா கொடுத்த பெயர்களில் 'முரசு' என்று ஒன்று இருக்கிறது, நல்ல தமிழ். அது எந்தக் கரையில் கொட்டுமோ.

குறிஞ்சிப்பாடி வாசகர்: புயலுக்குள்ளேயே விமானம் ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். நாலு இன்ஜின் காற்றாடி விமானம், சுமார் பத்தாயிரம் அடி உயரத்தில் கண் சுவரை, அதாவது புயலின் நடுவைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரை, துளைத்து ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். போகிற வழியில் ஒரு குழாய் மாதிரிக் கருவியைக் குட்டிப் பாராசூட்டில் கீழே விடுவார்கள். கடல் வரை இறங்கும்போது அழுத்தம், காற்று, ஈரம் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே இறங்கும். அமெரிக்காக்காரர்களுடைய இரண்டு விமானங்களுக்குப் பொம்மலாட்டப் பாத்திரங்களின் பெயர், கெர்மிட், மிஸ் பிக்கி. முதல் ஆள் 1943-இல் ஜோசப் டக்வொர்த் என்ற விமானி, பந்தயம் மாதிரி ஒரு பேச்சில் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொண்டு நுழைந்துவிட்டார்.

நம் கடலுக்கு அப்படி வழக்கமாகப் போகிற விமானம் கிடையாது. செயற்கைக்கோள் படத்தில் மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று பார்த்துக் காற்றை மதிப்பிடுகிறோம். கரைக்குக் கிட்டே வந்தால் சென்னை, காரைக்கால் ரேடார்கள். அட்லாண்டிக் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிதம்பரம் வாசகர்: அங்கே புயல் அதிகம் வந்தால் நமக்கு ஐப்பசி மழை குறையுமா?

அந்தப் புயல் நேராக நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சூத்திரதாரி உண்டு, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ. அது வந்தால் அட்லாண்டிக் மேலே காற்று அடுக்குக்கு அடுக்கு வேறு வேகத்தில் அடித்து, எழும்புகிற புயலின் தலையைக் கொய்துவிடும். அதே எல் நினோ வருஷங்களில் நம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுதலாகப் பெய்கிறது. 2015-ஐப் பாருங்கள். அட்லாண்டிக்கில் 11 பெயர்தான், சாதாரண வருஷத்தில் 14. நவம்பரில் கடலூர் மாவட்டம் எப்படி மூழ்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் இப்படியே நடக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடலூர் ஓ.டி., என்னோடு வேலை பார்த்த நண்பர்: அமெரிக்காவில் கூண்டு ஏற்றுவார்களா?

கொடி ஏற்றுவார்கள். சிவப்புச் சதுரத்தில் நடுவே கறுப்புச் சதுரம். ஒன்று பறந்தால் புயல், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பறந்தால் ஹரிக்கேன். நடுவில் வழக்கொழிந்து போய், 2007-இல் கடலோரக் காவல் படை சில நிலையங்களில் திரும்பத் தொடங்கியது. அவர்கள் கொடி எந்தப் பக்கம் என்று சொல்லாது. நம் கூண்டு சொல்லும்.

என் மகள் சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் உண்டா, லீவா என்பதை ரேடியோவில் கேட்க மாட்டாள். நான் டியூட்டி முடிந்து சைக்கிளை நிறுத்தும்போதே 'எத்தனாம் எண் கூண்டுப்பா' என்பாள். 3 என்றால் முகம் வாடும்.

மில்டன் வந்தபோது நான்கு நாள் முன்னாலிருந்தே கோடு நேராக டாம்பாவைக் குறி வைத்தது. 1921-க்குப் பிறகு பெரிய ஹரிக்கேன் எதுவும் நேராக இறங்காத ஊர். இந்தத் தடவை நான் கோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை, மண்டலம் ஏ, கிளம்பு என்று மட்டும் சொன்னேன். அக்டோபர் 7-இலேயே குழந்தைகளோடு உள்நாட்டில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். 10-ஆம் தேதி, நமக்கு விடியற்காலை ஐந்து மணி. கோடு கடைசி நேரத்தில் கொஞ்சம் தெற்கே சாய்ந்து சியெஸ்டா கீ பக்கம் போகிறது. நான் தரையில் நியூஸ் பேப்பரை விரித்து, கிழக்கே போகிற புயலுக்கு வலக்கை தெற்கு, இடக்கை வடக்கு என்று பேனாவால் வரைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

'எத்தனாம் எண் கூண்டுப்பா?'

எட்டு என்றேன்.

'அப்போ கடல் ஏறாது' என்றாள். ஏறவில்லை. விரிகுடாவில் தண்ணீர் பின்வாங்கிச் சேறு தெரிகிற வீடியோவை அன்று மத்தியானம் அனுப்பினாள். ஆனால் அந்த ராத்திரி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மழை மட்டும் 45 செ.மீ.க்கு மேல். மூன்று நாள் கழித்து வீடு திரும்பியபோது, ஹெலீனில் நனைந்து வாசலில் குவித்து வைத்திருந்த சோபாவும் மெத்தையும் மூன்று வீடு தள்ளிப் போய்க் கிடந்தனவாம்.